குறைதிறன் ஒளிபரப்பும் எண்ணப்படாத பார்வையாளரும்: திருவெள்ளறையை முன்வைத்து உள்ளூர்த் தொலைக்காட்சி குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

உள்ளூர்த் தொலைக்காட்சி பார்வையாளரை இழந்தது என்பது தமிழ்த் தொடர்பியல் எழுத்துகளில் ஐயமின்றி ஏற்கப்படும் ஒரு கூற்று. செயற்கைக்கோள் அலைவரிசைகளின் கவர்ச்சி, கைப்பேசியின் வருகை ஆகிய இரண்டும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இக்கட்டுரை அக்கூற்றை மறு ஆய்வு செய்கிறது. தூர்தர்ஷனின் குறைதிறன் ஒளிபரப்பி, கேபிள்வழி உள்ளூர் அலைவரிசை ஆகிய இரு வடிவங்களையும் நிலம், பொழுது, கருப்பொருள் என்னும் மூன்று அளவைகளால் நோக்கும்போது, ஒன்று உள்ளூர்ப் பார்வையாளரை என்றுமே தன் இலக்காகக் கொள்ளவில்லை என்பதும், மற்றொன்று பார்வையாளரை அடையும் வழியை இழந்தது என்பதும் புலனாகின்றன. திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் திருவெள்ளறை இதற்குரிய சான்றிடமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குறைதிறன் ஒளிபரப்பி, உள்ளூர் அலைவரிசை, கேபிள் தொலைக்காட்சி, பார்வையாளர் அளவீடு, திருவெள்ளறை, திருச்சி வானொலி.

1. முன்னுரை

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் மண்ணச்சநல்லூரை அடுத்து அமைந்த ஊர் திருவெள்ளறை. நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றான புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலாலும், பல்லவன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் எடுப்பித்த மாற்பிடுகு பெருங்கிணற்றாலும் இவ்வூர் வைணவ இலக்கிய மாணவர்க்கும் கல்வெட்டாய்வாளர்க்கும் நன்கு அறிமுகமானது. தொலைக்காட்சி ஆய்வுக்கும் இவ்வூர் பொருத்தமான சான்றிடமாக அமையும். மலைக்கோட்டையிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில், நகரத்தின் ஒளிபரப்பு வட்டம் முடியும் இடத்திலும் நகரத்தின் செய்தி எல்லை மங்கும் இடத்திலும் இவ்வூர் நிற்கிறது. மையத்தில் நின்று பார்க்கும்போது தெரியாத குறை விளிம்பில் நின்று பார்க்கும்போது தெரியும்.

இந்தியத் தொலைக்காட்சி குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் இரு முனைகளிலேயே நிகழ்கின்றன. ஒரு முனையில் தேசிய வலையமைப்பு; மறுமுனையில் தனியார் செயற்கைக்கோள் அலைவரிசைகளும் அவற்றின் நெடுந்தொடர்களும். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நகரத்துக்கு, ஒரு வட்டத்துக்கு, ஏன், சில தெருக்களுக்கு மட்டுமே ஒளிபரப்பான தொலைக்காட்சி ஒன்று இருந்தது. அதைப் பற்றிப் பேசுவோரும் வீழ்ச்சிக் கதையாகவே பேசுகின்றனர். வீழ்ந்தது எது, அது எங்கிருந்து வீழ்ந்தது என்னும் வினாக்கள் கேட்கப்படுவதில்லை.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, அவற்றைச் சார்ந்து தோன்றுவனவற்றைக் கருப்பொருளாக வகைப்படுத்துகிறது. அகப்பாடலுக்கு வகுத்த இலக்கணத்தைத் தொலைக்காட்சிக்கு அப்படியே பொருத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் ‘உள்ளூர்’ என்னும் சொல்லைத் தெளிவுபடுத்த இப்பகுப்பு உதவுகிறது. ஓர் ஒளிபரப்பு எப்பரப்பை அடைகிறது என்பது நிலம். எவருடைய நாட்காட்டியையும் கடிகாரத்தையும் பின்பற்றுகிறது என்பது பொழுது. எவற்றைக் காட்டுகிறது என்பது கருப்பொருள். இம்மூன்றும் ஓரிடத்தில் கூடும்போதே ஓர் அலைவரிசை உள்ளூர்த்தன்மை பெறுகிறது.

2. அருகில் கோபுரம், தொலைவில் குரல்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சி என்பது தலைநகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த ஒன்றாகவே இருந்தது. 1982இல் தேசிய நிகழ்ச்சி தொடங்கியதும், 1983இல் இன்சாட் 1பி செயற்கைக்கோள் ஏவப்பட்டதும் நிலைமையை மாற்றின. 1984இல் மேற்கொள்ளப்பட்ட சிறப்பு விரிவாக்கத்தின்போது சில மாதங்களுக்கு நாளொன்றுக்கு ஓர் ஒளிபரப்பி என்னும் வேகத்தில் நாடெங்கும் கோபுரங்கள் எழுந்தன. அவற்றுள் மிகப் பல குறைதிறன் ஒளிபரப்பிகள். தொடக்கத்தில் 100 வாட் அளவினதாக இருந்த இவ்வகை ஒளிபரப்பி, நில அமைப்பையும் கோபுர உயரத்தையும் பொறுத்து 15 முதல் 25 கி.மீ. ஆரம் வரை எட்டக்கூடியது.

நிலம் என்னும் அளவையால் பார்த்தால் இதைவிட உள்ளூர்த்தன்மை வாய்ந்த கருவி இல்லை. ஒரு நகரத்தை நடுவில் வைத்து, அதன் சந்தைக்கு வந்து செல்லும் ஊர்களைச் சுற்றி வட்டம் வரைந்தாற்போன்ற பரப்பு அது. திருச்சி நகரை மையமாகக் கொண்டு அத்தகைய வட்டத்தை வரைந்தால் திருவரங்கமும் சமயபுரமும் மண்ணச்சநல்லூரும் உள்ளே அடங்கும். திருவெள்ளறை விளிம்பில் நிற்கும். விளிம்பில் வாழ்வோர் தெளிவான படத்துக்காகக் கூரைமேல் நீண்ட குழாயில் ஆன்டெனாவை உயர்த்திக் கட்டி, காற்றடிக்கும்போதெல்லாம் அதைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

இத்தனை முயற்சிக்குப் பின் அவ்வீட்டுத் திரையில் தோன்றியது எது என்பதே இங்கு எழும் வினா. குறைதிறன் ஒளிபரப்பிக்குப் படப்பிடிப்பு அரங்கம் இல்லை. நிகழ்ச்சி தயாரிப்போர் இல்லை. செயற்கைக்கோள்வழி வந்த சமிக்ஞையை வாங்கி மீண்டும் வீசுவதே அதன் பணி. அங்கு பணியாற்றியோர் பொறியாளரும் தொழில்நுட்பப் பணியாளருமே. திருவெள்ளறையின் கூரைமேல் உயர்ந்த ஆன்டெனா திருச்சியை நோக்கித் திரும்பியிருந்தாலும், அது பிடித்தது தில்லியின் குரலைத்தான். பின்னாளில் சென்னையின் குரலும் சேர்ந்தது. திருச்சியின் குரல் சேரவே இல்லை.

இக்குறை அப்போதே உணரப்பட்டது. தூர்தர்ஷனுக்கான நிகழ்ச்சித் திட்டம் குறித்து ஆராய அமைக்கப்பட்டு, பி.சி.ஜோஷி தலைமையில் இயங்கிய பணிக்குழுவின் அறிக்கை 1985இல் வெளிவந்தது. கருவிகளின் விரிவாக்கம் நிகழ்ச்சிகளின் வளர்ச்சியை வெகுதூரம் முந்திவிட்டது என்பதும், தில்லியை மையமிட்ட தொலைக்காட்சி நாட்டின் பன்மையைப் பிரதிபலிக்கவில்லை என்பதும் அவ்வறிக்கையின் முதன்மையான கவலைகள். அறிக்கை நூலகங்களில் இடம்பெற்றது. கோபுரங்கள் முன்போலவே இயங்கின.

ஆகவே குறைதிறன் ஒளிபரப்பி தன் பார்வையாளரை இழந்தது என்று கூறுவது பொருந்தாது. அதற்கென்று பார்வையாளர் இருந்ததில்லை; வேறோர் இடத்தின் நிகழ்ச்சிக்குரிய பார்வையாளரை அது ஈட்டித் தந்தது. வேறு வழியில் அதே நிகழ்ச்சி கிடைத்தபோது அவர்கள் விடைபெறாமலே விலகினர். நாட்டின் ஒப்புமை ஒளிபரப்பிகளுள் ஏறத்தாழ 70 விழுக்காடு நிறுத்தப்பட்டுவிட்டதாகப் பிரசார் பாரதி 2021 அக்டோபரில் அறிவித்தது. உத்திசார் முக்கியத்துவம் உடைய 50 அளவிலான இடங்கள் நீங்கலாக ஏனையவற்றை 2022 மார்ச்சுக்குள் நிறுத்தவும் அது திட்டமிட்டிருந்தது. ஊரின் பெயரைத் தாங்கி நின்ற ஒளிபரப்பி ஊரைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் ஓய்வுபெற்றது.

3. கம்பி வழி வந்த ஊர்

குறைதிறன் ஒளிபரப்பி செய்யாத பணியை, அதற்கென்று திட்டமிடாத ஒரு தொழில் செய்தது. எண்பதுகளில் ஒளிநாடாக் கருவியும் கம்பிச் சுருளும் கொண்டு சில தெருக்களுக்குத் திரைப்படம் காட்டத் தொடங்கியவர்கள், தொண்ணூறுகளில் செயற்கைக்கோள் அலைவரிசைகளை வாங்கி வீடுதோறும் வழங்கும் கேபிள்காரர்கள் ஆயினர். 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியபின் இத்தொழில் தமிழகமெங்கும் வேரூன்றியது. 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் இதற்குச் சட்ட வடிவம் தந்தது.

கேபிள்காரர்கள் ‘கண்ட்ரோல் ரூம்’ என வழங்கும் அறையில், வெளியிலிருந்து வரும் அலைவரிசைகளுக்கு நடுவே ஓர் இடத்தைத் தமக்கென ஒதுக்கிக்கொள்வது எளிதாக இருந்தது. அவ்விடத்தில் திரைப்படம், விருப்பப் பாடல், பிறந்தநாள் வாழ்த்து, துணிக்கடை விளம்பரம், காணாமற்போனவர் அறிவிப்பு, மின்தடை நேரம், கோயில் விழா ஆகியன இடம்பெற்றன. திரையின் அடியில் ஓடும் எழுத்துவரியே பல ஊர்களில் உள்ளூர் நாளிதழாகப் பயன்பட்டது. இவற்றைக் கலைத்தரம் கொண்டு மதிப்பிடும் திறனாய்வு இவ்வலைவரிசைகளைப் புறக்கணித்ததில் வியப்பில்லை.

பொழுது என்னும் அளவையை இங்குப் பொருத்திப் பார்க்கலாம். திருவெள்ளறைக் கோயிலில் உத்தராயண வாசல், தட்சிணாயண வாசல் என இரு வாசல்கள் உள்ளன. தை முதல் ஆனி வரை ஒன்றும், ஆடி முதல் மார்கழி வரை மற்றொன்றும் திறந்திருக்கும். வாசல் மாறும் நாள் அவ்வூரின் நாட்காட்டியில் ஒரு நிகழ்வு; மாநில அளவிலான அலைவரிசைக்கு அது செய்தியன்று. திருவரங்கத்து வைகுண்ட ஏகாதசியில் பரமபதவாசல் திறப்பைத் தமிழ் அலைவரிசைகள் நேரலையாகக் காட்டுகின்றன. அதைக் காண உலகெங்கும் பார்வையாளர் உண்டு. 15 கி.மீ. வடக்கே நடைபெறும் வாசல் மாற்றத்தைக் காட்டினால் அதற்குரிய பார்வையாளர் அவ்வூரையும் அக்கோயிலையும் சார்ந்தோரே. செயற்கைக்கோள் கணக்கில் அவர்கள் மிகச் சிறு தொகை. உள்ளூர் அலைவரிசைக் கணக்கில் அவர்களே முழுத் தொகை. உள்ளூர்த் தொலைக்காட்சியின் நியாயம் இவ்வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

விழாவைக் காட்டிலும் கூர்மையான எடுத்துக்காட்டும் உண்டு. 2018 ஆகஸ்டு 22 அன்று முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அன்றிரவும் மறுநாளும் எல்லாச் செய்தி அலைவரிசைகளும் அங்குக் கூடின. அணை உடைவது நாட்டுக்குச் செய்தி. உடைந்தபின் எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும், எந்தப் பாலத்தில் போக்குவரத்து நிற்கும் என்பன வட்டாரத்துக்கு மட்டுமே செய்தி. முதல் வகையைச் சொல்லப் பலர் உண்டு. இரண்டாம் வகையைச் சொல்ல எவர் உளர் என்பதே உள்ளூர் ஊடகம் குறித்த அடிப்படை வினா.

4. அலைவரிசை எண்ணும் நில இழப்பும்

கேபிள்வழி உள்ளூர் அலைவரிசை ஏன் தளர்ந்தது? மக்கள் சுவை மாறிவிட்டது என்பது எளிய விடை. வழங்கல் முறை மாறியது என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் விடை.

ஒப்புமை முறைக் கேபிளில் அலைவரிசைகள் வரிசையாக நின்றன. தொலைவியக்கியின் ஏறு பொத்தானை அழுத்திக்கொண்டே செல்பவர், இரு புகழ்பெற்ற அலைவரிசைகளுக்கு நடுவே நின்ற உள்ளூர் அலைவரிசையைக் கடந்தே ஆக வேண்டும். கடக்கும்போது தெரிந்த முகமோ தெரிந்த தெருவோ கண்ணில் பட்டால் விரல் நின்றுவிடும். உள்ளூர் அலைவரிசையின் பார்வையாளருள் கணிசமானோர் இவ்வாறு தேடாமல் வந்தவர்களே. இதை ‘வழிப்போக்குப் பார்வை’ என்று குறிக்கலாம். சிறு முதலில் நடக்கும் ஓர் அலைவரிசைக்கு இதைவிட மலிவான விளம்பரம் வேறில்லை.

2011இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி இலக்கமுறைக் கேபிள் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. பெருநகரங்களில் 2012இல் தொடங்கிய இம்மாற்றம், ஊரகப் பகுதிகளை உள்ளடக்கிய நான்காம் கட்டத்தில் 2017 மார்ச்சு வரை நீண்டது. செட்டாப் பெட்டி வந்தபின் அலைவரிசைகள் மூன்றிலக்க எண்களில் வகைவகையாக அடுக்கப்பட்டன. எண்ணை அறிந்தவரே சென்றடைய முடியும். வழிப்போக்காக வருவோர் அருகினர்.

இதனினும் ஆழமான மாற்றம் நிலம் சார்ந்தது. குறியீடாக்கப்பட்ட இலக்கமுறை அமைப்பில் தெருவளவில் இயங்கும் கேபிள்காரர் தம் அலைவரிசையைத் தாமே இடையில் செருகுவதற்கு வழியில்லை. பெரிய இயக்குநரின் தலைமையறையிலிருந்தே அது புறப்பட வேண்டும். அங்கு இடம்பெறுவதற்குத் தொகை செலுத்த வேண்டும். அங்கிருந்து புறப்படுவது ஒரு தெருவுக்கோ ஒரு வட்டத்துக்கோ மட்டும் செல்வதில்லை. ஒரு மாவட்டம் முழுமைக்கோ அதற்கும் அப்பாலோ செல்கிறது. துறையூருக்கும் மணப்பாறைக்கும் இலால்குடிக்கும் ஒரே அலைவரிசை என்றானபின், அதன் ஆசிரியர் எந்த ஊரின் வாசலைக் காட்டுவார்? எல்லா ஊருக்கும் பொதுவானதைக் காட்டுவார். எல்லா ஊருக்கும் பொதுவானது திரைப்படப் பாடலே. பரப்பு விரிந்தபோது ஊர் நழுவியது.

தமிழகத்தில் இம்மாற்றம் அரசின் நேரடிப் பங்கேற்போடு நிகழ்ந்தது. 2007இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2011 செப்டம்பர் 2 அன்று மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் புத்துயிர் பெற்றது. 2017 ஏப்ரலில் இலக்கமுறை உரிமம் பெற்றது. தனியார் ஆதிக்கத்தை மட்டுப்படுத்தியதிலும் கட்டணத்தைக் குறைத்ததிலும் அதன் பங்கு மறுக்கவியலாதது. ஆயினும் உள்ளூர் அலைவரிசையின் கோணத்தில், பல சிறு வாயில்களுக்குப் பதிலாக ஒரு பெருவாயில் என்னும் அமைப்பை அதுவும் உறுதிப்படுத்தியது. 2022 நவம்பரில் மென்பொருள் தொடர்பான சிக்கலால் பல இலட்சம் அரசு கேபிள் பெட்டிகள் செயலிழந்தபோது, அப்பெட்டிகள் வழியே சென்ற ஒவ்வோர் உள்ளூர் அலைவரிசையும் தன் தவறு ஏதுமின்றி அவ்வீடுகளிலிருந்து மறைந்தது.

சட்டத்தின் நோக்கில் இவ்விரு வடிவங்களுக்கும் உள்ள வேறுபாடும் குறிப்பிடத்தக்கது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு தூர்தர்ஷனின் குறிப்பிட்ட அலைவரிசைகளைக் கேபிளில் கட்டாயம் வழங்கச் செய்கிறது. உள்ளூர் அலைவரிசைக்கு அத்தகைய காப்பு இல்லை. 2022 நவம்பர் 30 அன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், இயக்குநர்கள் தாமே நடத்தும் அலைவரிசைகளை மொத்தக் கொள்ளளவில் 5 விழுக்காட்டுக்குள் வரையறுத்தன. உள்ளூர்ச் செய்தி வழங்கும் உரிமையைப் பதிவுபெற்ற நிறுமங்களுக்கு மட்டும் அளித்தன. பொறுப்புடைமையை வலியுறுத்தும் இவ்விதியின் நோக்கம் ஏற்கத்தக்கது. எனினும் தனிநபர் உடைமையாக இயங்கும் சிறு இயக்குநர் பாடல் ஒளிபரப்பலாம், ஊராட்சிச் செய்தி சொல்லக்கூடாது என்பதே அதன் நடைமுறை விளைவு. கருப்பொருளும் இவ்வாறு குறுகுகிறது.

5. எண்ணப்படாத பார்வையாளர்

இயன் ஆங் 1991இல் வெளியிட்ட நூலில், தொலைக்காட்சி நிறுவனங்கள் பேசும் பார்வையாளர் என்பது நிறுவனத் தேவைக்காகக் கட்டமைக்கப்பட்ட ஒரு வகைமை என்றும், வீடுகளில் அமர்ந்து பார்க்கும் மனிதரோடு அது முழுதும் ஒத்துப்போவதில்லை என்றும் வாதிட்டார். டாலஸ் ஸ்மித் 1977இல் முன்வைத்த கருத்தும் இங்குப் பொருந்தும்: வணிக ஊடகம் விற்கும் பண்டம் நிகழ்ச்சியன்று, விளம்பரதாரருக்கு விற்கப்படும் பார்வையாளரே. விற்பனைக்குரிய பண்டம் எனில் அதற்கு அளவை வேண்டும்; அளக்கப்படாதது விலைபோகாது.

இந்தியாவில் 2015 முதல் இவ்வளவையைப் பார்க் அமைப்பு வழங்கி வருகிறது. அலைவரிசையின் ஒலியில் பொறிக்கப்பட்ட நுண்குறியை வீட்டிலுள்ள மீட்டர் அறிந்து பதிவுசெய்வதே இதன் முறை. அவ்வமைப்பின் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டில் 21 கோடித் தொலைக்காட்சி வீடுகள் இருந்தன. மீட்டர் பொருத்தப்பட்ட வீடுகள் 44,000 அளவின. ஏறத்தாழ 4,800 வீடுகளுக்கு ஒரு வீடு என்பது இதன் விகிதம். தேசிய, மாநிலப் போக்குகளை அறிய இக்கூறு முறை போதுமானது என்பது புள்ளியியல்படி சரியே. ஆனால் இவ்விகிதத்தில் திருவெள்ளறை போன்ற ஓர் ஊருக்கு ஒரு மீட்டர்கூடக் கிட்டும் என எதிர்பார்க்க இயலாது. கிட்டினாலும், நுண்குறி பொறிக்கும் வசதியற்ற உள்ளூர் அலைவரிசை தன் பெயரால் அதில் பதிவாவதில்லை.

இதன் விளைவு இருவகைப்பட்டது. முதலாவது, பெருநிறுவன விளம்பரம் உள்ளூர் அலைவரிசைக்கு வருவதில்லை. அது கடைத்தெரு விளம்பரத்தையும் வாழ்த்துக் கட்டணத்தையும் நம்பி வாழ்கிறது. இரண்டாவது, இவ்வளவையையே சான்றாகக் கொள்ளும் ஆய்வும் உள்ளூர்ப் பார்வையாளரைக் காண்பதில்லை. எண் இல்லாத இடத்தில் பார்வையாளரும் இல்லை என்று முடிவுசெய்வது அளவைக் கருவியின் எல்லையை உலகத்தின் எல்லையாகக் கொள்வதாகும். உள்ளூர்த் தொலைக்காட்சியின் வீழ்ச்சி குறித்த கூற்றுகளுள் பல, வீழ்ந்ததை அளந்து பெற்ற முடிவுகள் அல்ல.

6. பாவனையின் தீமை

மேற்கூறியவை உள்ளூர் அலைவரிசைகளைக் குற்றமற்றவை ஆக்கிவிடா. தொழில்நுட்பமும் சட்டமும் வழியை அடைத்தன என்பது உண்மையாயின், வழி திறந்திருந்த காலத்தில் அவை செய்தது என்ன என்றும் கேட்க வேண்டும்.

ஒப்புமைக் கேபிளின் செழிப்பான ஆண்டுகளில் பெரும்பாலான உள்ளூர் அலைவரிசைகள் செயற்கைக்கோள் அலைவரிசைகளைப் போலித்தன. தொகுப்பாளரின் பேச்சுநடை, அரங்கின் நிறம், நிகழ்ச்சிப் பெயர் ஆகியவற்றில் சென்னையே முன்மாதிரியாயிற்று. உரிமை பெறாத திரைப்படங்களே நேரத்தின் பெரும்பகுதியை நிரப்பின. போலியை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அதே தொலைவியக்கியில் இருந்தபோது பார்வையாளர் மூலத்தைத் தேர்ந்ததைக் குறைகூற இயலாது.

ஊரைக் காட்டியபோதும் ஊர் முழுமையும் திரைக்கு வரவில்லை. விழா வந்தது, விழாவில் இடமற்றோரின் தெரு வரவில்லை. வாழ்த்துக்குக் கட்டணம் செலுத்த இயன்றவரின் முகம் வந்தது; அரிசி ஆலைக் களத்தில் நெல் உலர்த்துவோரின் கூலி பேசப்படவில்லை. உள்ளூர் என்பதாலேயே ஓர் ஊடகம் மக்கள் ஊடகம் ஆகிவிடுவதில்லை. ஊரின் அதிகாரம் மிக அருகில் இருப்பதால் உள்ளூர் ஊடகம் அதற்கு அஞ்சவும் நேர்கிறது. கேபிள் தொழிலுக்கும் அரசியலுக்கும் தமிழகத்தில் இருந்துவரும் நெருக்கம் இவ்வச்சத்தை இயல்பாக்கியது. உள்ளூர்த் தொலைக்காட்சியை ஏக்கத்தோடு நினைவுகூரும் எழுத்துகள் இப்பக்கத்தைத் தவிர்த்துவிடுகின்றன.

7. இரு முன்னுதாரணங்கள்

வேறு விதமாகவும் செய்திருக்கலாம் என்பதற்குச் சான்றுகள் உண்டு. முதற்சான்று திருச்சியிலேயே உள்ளது. 1939 மே 16 அன்று தொடங்கப்பட்ட திருச்சி வானொலி நிலையம், விடுதலையின்போது இந்தியாவின் பங்கில் அமைந்த 6 அகில இந்திய வானொலி நிலையங்களுள் ஒன்று. அதற்கெனச் சொந்த அரங்கமும் நிகழ்ச்சியாளரும் இருந்தமையால் காவிரிப் படுகையின் உழவரோடு அது நேரே பேச முடிந்தது. அறுபதுகளில் ஏ.டி.டி. 27 என்னும் புதிய நெல்வகையைத் தஞ்சைப் பகுதி உழவரிடம் கொண்டுசேர்த்ததில் அதன் பங்கு பெரிது. அந்நெல்லை உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். கேட்போர் ஓர் ஒளிபரப்பின் பெயரை விதைக்குச் சூட்டுவதைவிட உறுதியான பார்வையாளர் அளவீடு வேறென்ன வேண்டும்?

இரண்டாவது சான்று குசராத்தின் கேடா மாவட்டத்துப் பீஜ் என்னும் ஊர். 1975இல் இந்திய விண்வெளி ஆய்வு அமைப்பு அங்கு ஒரு குறைதிறன் ஒளிபரப்பியை நிறுவியது. ஊர்ப் பொதுவிடங்களில் வைக்கப்பட்ட தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு, அவ்வட்டார மக்களின் வாழ்வைக் கருவாகக் கொண்ட நிகழ்ச்சிகள் அவர்தம் பங்கேற்போடு தயாரித்து அனுப்பப்பட்டன. கூலி, சாதி, கடன் போன்ற உள்ளூர்ச் சிக்கல்களும் அவற்றில் பேசப்பட்டன. அம்முயற்சி 1984இல் யுனெசுகோவின் ஊரகத் தொடர்பியல் பரிசையும் பெற்றது. அதே ஆண்டில்தான் நாடெங்கும் நாளுக்கொரு ஒளிபரப்பி எழுந்தது. பீஜில் பெற்ற படிப்பினை அவ்விரிவாக்கத்தில் இடம்பெறவில்லை. கருவி ஒன்றே, அரங்கம் ஒன்று உடனிருந்ததே வேறுபாடு.

கொள்கையளவில் இன்று நிலவும் முரணையும் இங்குச் சுட்ட வேண்டும். அலைகள் பொதுச்சொத்து என 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் உணர்வில் 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும், 2006இல் சமூக அமைப்புகளுக்கும் சமுதாய வானொலி உரிமம் வழங்க வழி பிறந்தது. 100 வாட் திறனும், நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியேனும் உள்ளூர்ப் பங்கேற்பில் உருவாதலும் அதற்கான விதிகள். தொலைக்காட்சிக்கு இத்தகைய கொள்கை வகுக்கப்படவில்லை. தரைவழித் தொலைக்காட்சி தூர்தர்ஷனின் தனியுரிமையாகவே நீடித்தது. அமெரிக்காவில் 1982 முதல் குறைதிறன் தொலைக்காட்சிக்குத் தனி உரிம வகை உண்டு என்பது ஒப்புநோக்கத்தக்கது. நம் நாட்டில் நூற்றுக்கணக்கான குறைதிறன் ஒளிபரப்பிகள் நிறுத்தப்பட்டபோது, அவற்றுட் சிலவற்றையேனும் பல்கலைக்கழகங்களிடமோ உள்ளாட்சிகளிடமோ ஒப்படைக்கலாமா என்பது பரவலான பொது விவாதமாகவில்லை.

8. முடிவுரை

இக்காலத்தில் திருவெள்ளறைத் தேரோட்டத்தைக் கைப்பேசியில் எவரும் படம்பிடித்து யூடியூபில் ஏற்றலாம். வெளிநாட்டில் வாழும் ஊர்க்காரரும் காணலாம். இது உண்மையான ஆதாயம். ஆயினும் அதைக் காண்போர் நிலத்தால் ஒன்றுபட்டோர் அல்லர். ஒரே பொழுதில் காண்போரும் அல்லர். தேர் எங்கும் சென்றடைகிறது. ஊராட்சிக் கூட்டமும் குடிநீர் அறிவிப்பும் அவ்வாறு செல்வதில்லை. ஓர் ஊரார் ஒரே நேரத்தில் தம்மைப் பற்றிய ஒன்றை அறிந்துகொள்ளும் வாய்ப்பே உள்ளூர்த் தொலைக்காட்சியின் தனிப்பயன். அதற்கு மாற்று இன்னும் உருவாகவில்லை.

இக்கட்டுரையின் முடிவுகள் வருமாறு. குறைதிறன் ஒளிபரப்பிக்கு நிலம் இருந்தது. பொழுதும் கருப்பொருளும் இல்லை. கேபிள் அலைவரிசைக்குப் பொழுதும் ஓரளவு கருப்பொருளும் இருந்தன. இலக்கமுறை மாற்றத்தில் அது நிலத்தை இழந்தது. இரண்டையும் ‘பார்வையாளர் இழப்பு’ என்னும் ஒரே தொடரால் விளக்குவது பிழை. பார்வையாளர் இருந்தனரா என்பதைக் கூறவல்ல அளவையும் இவ்வூர்களில் இயங்கவில்லை.

ஆய்வாளர் உடனே செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. மேற்கூறிய 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஒளிபரப்பானவற்றை 90 நாள்கள் பாதுகாத்தால் போதும் என்கின்றன. அதற்கு முந்தைய முப்பதாண்டுகளின் பதிவுகளுக்கு அதுவும் இல்லை. கேபிள் அறைகளின் அலமாரிகளில் எஞ்சியுள்ள ஒளிநாடாக்களும் குறுந்தகடுகளும் பூஞ்சை பிடித்து அழிந்து வருகின்றன. கல்வெட்டுகளைப் படியெடுக்கக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் தொடர்பியல் துறைகளும் இவற்றின்பால் காட்டி, மாவட்டந்தோறும் தொகுத்து, இலக்கமுறையில் பாதுகாத்தல் வேண்டும். அதன்பின்னரே உள்ளூர்த் தொலைக்காட்சியின் பார்வையாளர் எவர், அவர்கள் கண்டது எது என்பவற்றுக்குச் சான்றோடு விடை கூற இயலும்.